நீர்யானைக்கு ஒரு கைப்பிடி

எந்தப் படத்தைக் கையில் கொடுத்தாலும் மாசானம் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பார். காலண்டர் முருகனானாலும் சரி, பத்திரிகை அட்டையானாலும் சரி, முன்பக்கத்துக்கு ஒரு பார்வை, பின்பக்கத்துக்கு ஒரு பார்வை. பின்னால் வெறும் தாள் இருப்பதைக் கண்டு ஒவ்வொரு தரமும் புதிதாக ஏமாந்து போவார். "முதுகு போடாம வுட்டுட்டானே!" என்பார். அவரும் மனைவி தங்கத்தாயும் பம்பாய் சயானில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்து நின்று எடுத்துக்கொண்ட போட்டோவையும் இப்படித்தான் திருப்பினார். ஸ்டூடியோக்காரருடைய ரப்பர் முத்திரை இருந்தது. "நம்ம முதுகுல சீல் குத்திட்டான் பாத்தியாட்டி" என்று தங்கத்தாயிடம் காட்டினாராம்.

தாராவியில் ஜெயினுலாப்தீன் பாயின் சூட்கேஸ் கார்கானாவில், அதாவது பட்டறையில், மாசானத்துக்கு வேலை. பெட்டியில் மற்றதையெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். கைப்பிடியை மட்டும் அவர்தான் தைக்க வேண்டும். தைத்து முடித்ததும் இரண்டு விரலைக் கொக்கியாக மாட்டி மூன்று இழுப்பு இழுப்பார். "ஒண்ணு பொட்டிக்குச் சொந்தக்காரனுக்கு, ஒண்ணு கூலிக்காரனுக்கு, ஒண்ணு தாதர் ஸ்டேஷன் கூட்டத்துக்கு" என்பது அவர் கணக்கு. தாதர் கூட்டத்துக்கான இழுப்பில் அவருடைய முழங்கை பின்னால் நிற்கிறவன் விலாவில் போய் இடிக்கும். நான் ஒரு தரம் வாங்கியிருக்கிறேன். இப்போதெல்லாம் பக்கவாட்டில்தான் நிற்கிறேன்.

ஆள் வாசலில் குனிந்து நுழைகிற உயரம். மீசையைப் பார்த்தால் பாக்கி வசூலிக்க வந்தவரோ என்று தோன்றும். அப்பேர்ப்பட்டவர் மடியில் ஒரு வெல்வெட் நீர்யானை மல்லாந்து கிடக்கும். அதன் வயிற்றுக்குள் பஞ்சைத் திணித்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் திங்கியா? தின்னு, தின்னு. கூச்சப்படாத" என்று உபசாரம் செய்துகொண்டிருப்பார். இந்தக் காட்சிக்காக நான் இருக்கிற மாதுங்காவிலிருந்து தாராவிக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், தப்பே இல்லை. தோல் ஊறுகிற வாடை அப்படி. முதல் நாள் நான் கைக்குட்டையும் மூக்குமாக நின்றதைப் பார்த்து, "மூக்க வுடுங்க சார். ரெண்டு நாள்ல அதுவே பளகிரும். அதுக்கு வேற என்ன சோலி?" என்றார். உண்மைதான், பழகிவிட்டது.

நீர்யானை எப்படி அங்கே வந்தது என்று சொல்ல வேண்டுமானால் என் அடுத்த வீட்டுச் சுந்தரராமனை அழைத்து வர வேண்டும். பம்பாய்க் கோட்டை வட்டாரத்தில் ஒரு விளம்பர ஆபீஸில் படம் போடுகிறவன். பகலெல்லாம் சோப்பும் கூந்தல் தைலமும் வரைவான். ஆபீஸ் கூட்டங்களில் மானேஜர் பேசப்பேச, இவன் கையிலிருக்கும் தாளின் ஓரத்தில் மிருகங்கள் முளைக்கும். மூக்குக்கண்ணாடி போட்ட நீர்யானை, எட்டிப் பார்க்கிற நீளக்கழுத்துப் பறவை, உட்கார்ந்தபடியே தூங்கும் கரடி, எதற்கோ சிரிக்கிற கழுதை. நீர்யானை மானேஜர்தான் என்பது மானேஜரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். தானாக யாரிடமும் காட்ட மாட்டான். கிழித்தும் போட மாட்டான். எல்லாம் அவனுடைய பெரிய தோல் பையில் அடியில் கிடக்கும்.

போன மழைக்காலத்தில் மாதுங்கா ஸ்டேஷன் படியில் அந்தப் பையின் கைப்பிடி பிய்ந்தது. தாராவியில் கொடுத்தால் உடனே ஆகும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை, எனக்கும் வேறு வேலை இல்லை, கூடப் போனேன். பையை மாசானத்திடம் விட்டுவிட்டு வந்தோம். திரும்ப வாங்கப் போனபோது, புதுக் கைப்பிடி போட்ட பையின் மேல் அரக்கு நிறத்தில் ஒரு நீர்யானை சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. சூட்கேஸ் உள்புறத்தில் ஒட்டுவார்களே, அந்த வெல்வெட்டின் வெட்டுத்துண்டில் உடம்பு. பெட்டிக்கு அடிக்கிற பித்தளை ரிவிட் இரண்டு, கண். கம்பியை வளைத்து மூக்குக்கண்ணாடி. அதே தொப்பை, அதே அதிகாரம்.

சுந்தரராமன் அதை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. வருஷக்கணக்காகச் சோப்பு வரைகிறவன், தன் படம் ஒன்று தாளை விட்டு எழுந்து வந்து உட்கார்ந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறான்.

"பைக்குள்ள படம் கெடந்துச்சு. முன்பக்கம் பூரா இருக்கு, பின்பக்கத்தக் காணோம். அதான் நானே போட்டுட்டேன் சார்" என்றார் மாசானம்.

சுந்தரராமன் நீர்யானையைத் திருப்பினான். முதுகின் நடுவில், பளபளவென்று, தோலில் ஒரு கைப்பிடி.

"என்னய்யா இது?"

"கைப்பிடி சார்."

"அது தெரியறது. நீர்யானைக்கு எதுக்குங்கறேன்?"

"தூக்கணும்லா!"

அவனுடைய கண்ணீர் போன இடம் தெரியவில்லை. ஒரு விலங்கின் முதுகு என்றால் என்ன, அதன் கோடு என்றால் என்ன, தலையிலிருந்து வால் வரை அது எப்படி ஓட வேண்டும் என்று கால் மணி நேரம் பேசினான். மாசானம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "காலிபீலி கோவப்படுதியளே சார்" என்றார். வீணாகக் கோபிக்கிறீர்கள் என்பதைப் பம்பாய்க்காரர் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். "பாப்பம். அடுத்ததுல பாப்பம்." இந்தப் 'பாப்பம்' மாசானத்துக்கு ரொம்ப உபயோகமான சொல். முடியாது என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை.

அன்று தொடங்கியது இந்தக் கூட்டு. சுந்தரராமன் ஞாயிறுதோறும் படம் கொண்டு போவான். கார்கானாவின் ஒரு மூலையில், வேலை நேரம் முடிந்த பிறகு, பாயின் தையல் மிஷினிலேயே மாசானம் பொம்மை தைப்பார். படத்தைத் திருப்பிப் பார்த்து ஏமாந்த பிறகு அவர் கேட்கும் முதல் கேள்வி, "இவரு எங்க எறங்குவாரு?" என்பதுதான். எந்த ஸ்டேஷனில் இறங்குகிறவர் என்று தெரியாமல் துணியில் கத்தரி வைக்க மாட்டார். சுந்தரராமன் விழிப்பான். மாசானமே முடிவு செய்வார். நீர்யானை முலுண்ட், சீசன் டிக்கெட், ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுக்காத மனுஷர், ஆகையால் அடிப்பாகம் அகலம். நீளக்கழுத்துப் பறவை கல்யாண்; அவ்வளவு தூரம் நின்றுகொண்டே போகிற ஜென்மம், எங்கே இடம் காலியாகிறது என்று எட்டிப் பார்த்தே கழுத்து நீண்டுவிட்டது. கரடி டிராம்பே போகும் ஆபீஸ் பஸ்காரர்; டிக்கெட் கவலை இல்லாததால் நிம்மதியான தூக்கம். கழுதை? "அது நம்ம தாராவி சார். அது எங்கயும் போவாது. எல்லாம் அதுகிட்ட வரும்" என்றார், மிகவும் பெருமையாக.

அந்தக் கழுதையால்தான் கைப்பிடி விவகாரம் முற்றியது. சுந்தரராமனின் தொந்தரவு பொறுக்காமல், அதை மட்டும் கைப்பிடி இல்லாமல் தைத்தார் மாசானம். எப்படியிருக்கிறது என்று பார்க்கத் தன் மகள் பூமாரியிடம் கொடுத்தார். ஐந்து வயசுக் குழந்தை அதைக் கீழே இறக்கவே இல்லை. ஒரு நாள் குடும்பமாகத் தாதருக்குப் போய்விட்டுக் கல்யாண் வண்டியில் திரும்பினார்கள். சயானில் இறங்குகிற நெரிசலில் பூமாரி கழுதையின் காதைப் பிடித்திருந்தாள். குழந்தை இறங்கியது, காது இறங்கியது, கழுதை இறங்கவில்லை.

"காது எங்க கையில. மிச்சக் கழுத கல்யாணுக்குப் போயிட்டு சார்!" என்று மாசானம் இதைச் சொல்லும்போது அவரே சிரித்துவிடுவார். ஆனால் பிளாட்பாரத்தில் பூமாரி அழுத அழுகை கல்யாண் வரை கேட்டிருக்கும் என்பார் தங்கத்தாய். அந்தக் காது இன்னும் வீட்டில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் பூமாரி காட்டுகிறாள். "பம்பாய்ல கெட்டியாப் புடிக்க ஒண்ணு வேணும் சார். முன்பக்கம் ஒங்களுது, நான் தொட மாட்டேன். பின்பக்கம் என்னுது" என்று மாசானம் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சுந்தரராமன் மட்டும் சும்மா இருந்தானா? தீபாவளிக்குப் பிறகு கோட்டையில் பொம்மைக்கடை வைத்திருக்கும் ஒரு பார்ஸி அம்மாளிடம் நீர்யானையைக் காட்டப் போனான். போகும்முன் சவர பிளேடால் கைப்பிடியை அறுத்து எடுத்துவிட்டான். செய்யலாமா? நான் இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பேன். அந்த அம்மாளுக்கு நீர்யானையைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குக் கண்ணாடி ஜன்னலில் வைக்க இதுபோல விதவிதமாக ஒரு டஜன் கொண்டு வாருங்கள், ஜனங்களுக்குப் பிடித்தால் வருஷம் முழுவதும் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

செய்தியோடு நாங்கள் தாராவிக்குப் போனோம். மாசானம் நீர்யானையை வாங்கி, வழக்கப்படி திருப்பிப் பார்த்தார். கைப்பிடி இருந்த இடத்தில் ஊசித் துளைகள் இருந்தன. கட்டைவிரலால் மெல்லத் தடவிக்கொடுத்தார். அதற்குப் பதில் அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். சுந்தரராமன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு டஜனுக்கும் கைப்பிடி வேண்டாம் மாசானம். இதுல மட்டும் நான் சொல்றதைக் கேளுங்கோ" என்றான். "பாப்பம் சார்" என்றார் அவர்.

இதற்குள் ஜெயினுலாப்தீன் பாய் உள்ளே வந்தார். குரல் பெரிசு, மனசு அவ்வளவு சின்னதில்லை என்று கார்கானாவில் சொல்வார்கள். ஆனால் அந்த மூலையில் அவருக்கு ஒரு கண். "மாசானம், ஒரே பேச்சு பேசுதேன். கடைக்காரம்மா இத எடுத்தா மூலையும் மிஷினும் ஒமக்கு, சாயங்காலம் என்னத்த வேணும்னாலும் தையும். எடுக்கலேன்னா அங்க மணிபர்ஸ் தைக்க ஆளு வருது. பொறவு எங்கிட்ட வந்து மூஞ்சியத் தூக்கிட்டு நிக்கப்படாதுவே" என்றார்.

அவர் போன பிறகு மாசானம் என்னிடம் தணிந்த குரலில் பேசினார். "இத்தன வருசமா அடுத்தவன் ஊருக்குப் போற பொட்டிக்கே கைப்பிடி போட்டாச்சு சார். இந்தச் சவத்து மூதிகளத் தைக்கையிலதான் எனக்குச் சிரிப்பு வருது. தனியா உக்காந்து சிரிக்கேன்னு பயக்க கேலி பண்ணுதானுவ. பண்ணட்டும். இந்த மூல மட்டும் கையவுட்டுப் போயிரப்படாது." நான் எதையோ சொல்லிச் சமாளித்தேன்.

சொன்ன சனிக்கிழமை மூவரும் கோட்டைக்குப் போனோம். மாசானம் சலவைச் சட்டை போட்டிருந்தார், பொம்மைகளைத் தான் தைத்த பெரிய சூட்கேஸில் அடுக்கியிருந்தார், வழியெல்லாம் அதைத் திறக்கவே விடவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம். கடையின் கண்ணாடி ஜன்னல் காலியாக இருந்தது. மழைக்காலத்தில் குழந்தைக் குடைகளைத் தொங்கவிட்டிருந்த கம்பியும் கொக்கிகளும் மட்டும் மேலே நீளமாக நின்றன. பார்ஸி அம்மாள், வெள்ளை வெளேரென்ற தலை, சங்கிலியில் கோத்த மூக்குக்கண்ணாடி, "காட்டு, காட்டு" என்று அவசரப்பட்டார்.

சூட்கேஸ் திறந்தது. முலுண்ட்காரர்களும் கல்யாண்காரர்களும் டிராம்பேக்காரர்களுமாகக் குப்புறப் படுத்திருந்தார்கள். பன்னிரண்டு முதுகு, பன்னிரண்டு கைப்பிடி.

சுந்தரராமன் முகம் செத்துப்போயிற்று. அந்த அம்மாள் ஒரு நீர்யானையை எடுத்து நிறுத்திப் பார்த்தார். "இது என்ன? நான் பொம்மை கேட்டேனா, பெட்டி கேட்டேனா?" என்று இந்தியில் வெடித்தார். முகம் அழகு, உடம்பு அழகு, இந்த வாரைப் பார்த்தால் ரயிலுக்குக் கிளம்பின மாதிரி இருக்கிறது, யார் வாங்குவார்கள் என்றார். இதையெல்லாம் நின்ற இடத்தில் சொல்லவில்லை. கடைக் கோடிக்கு நடந்தார், ஜன்னலுக்கு வந்தார், உள்ளே போய்த் தம்பியை அழைத்து வந்து அவரிடம் முறையிட்டார், மறுபடி எங்களிடம் வந்தார். போன இடமெல்லாம் நீர்யானையும் போயிற்று, கைப்பிடியில் தொங்கிக்கொண்டு. அவர் கோபமாகக் கையை வீசினால் அதுவும் வீசி ஆடியது.

இந்தப் பக்கம் சுந்தரராமன் அவர் பின்னாலேயே, "திங்கட்கிழமைக்குள்ளே அறுத்துத் தந்துடறோம் மேடம், ஒரு நிமிஷ வேலை" என்று கெஞ்சிக்கொண்டு நடந்தான். அவன் கையில் நீளக்கழுத்துப் பறவை. எதைப் பிடித்திருந்தான் என்று கேட்கிறீர்களா? கைப்பிடியைத்தான். எனக்கு அடக்க முடியவில்லை; இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டேன். மாசானம் மட்டும் அசையாமல் நின்றார். நெற்றியில் வேர்வை. அந்த மூலை கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது, மனுஷர் வாயைத் திறந்து ஒரு நியாயம் சொல்ல வேண்டாமோ? மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் டெலிபோன் மணி அடித்தது. அந்த அம்மாள் வலது கையில் ரிசீவரை எடுத்தார், எழுத இடது கைக்குப் பென்சில் தேடினார். நீர்யானை வழுக்கி முழங்கை மடிப்பில் போய் மாட்டிக்கொண்டது. பேசினார், எழுதினார், சிரித்தார், போனை வைத்தார். சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்க நீர்யானையைத் தேடினார். மேஜை மேலே பார்த்தார். மேஜைக்கு அடியில் குனிந்தார். "கஹாங் கயா? எங்கே போச்சு அது? இப்போதுதானே இங்கே இருந்தது!" என்று எங்கள் மூவரையும் சந்தேகமாகப் பார்த்தார். குனிந்து நிமிரும்போதெல்லாம் அது அவர் கூடவே ஆடிக்கொண்டிருந்தது.

மாசானம்தான், மிகுந்த மரியாதையோடு, தம்முடைய முழங்கையைத் தொட்டுக் காட்டினார்.

அந்த அம்மாள் தன் கையைப் பார்த்தார். நீர்யானை மூக்குக்கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தது. பிறகு பார்க்க வேண்டுமே அந்தச் சிரிப்பை! உட்கார்ந்து சிரித்தார், எழுந்து சிரித்தார், கண்ணாடி சங்கிலியோடு விழுந்து மார்பில் ஆடியது. தம்பியும் சிரித்தார். சுந்தரராமன் அப்போதுதான் தன் கையிலிருந்த பறவையைக் கவனித்தான்; சூடு பட்டவன்போல மேஜையில் வைத்தான்.

ஆனால் அவரும் வியாபாரி, லேசில் விடுவாரா? ஒரு நீர்யானையை மேஜையில் சுவரோடு சாய்த்து உட்காரவைத்து, கைப்பிடி பின்னாலிருந்து தள்ளுவதால் அது முன்னால் குப்புறச் சாய்வதைக் காட்டினார். நியாயம்தான், இதை மாசானம் யோசிக்கவே இல்லை. "உட்காராத பொம்மையை ஜன்னலில் எப்படி வைப்பேன்?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் அண்ணாந்தார். குடைக் கம்பி தெரிந்தது. சரசரவென்று முக்காலியில் ஏறிப் பன்னிரண்டு பேரையும் கொக்கிக்கு ஒருவராகத் தொங்கவிட்டார்.

நாங்கள் தெருவில் நின்று பார்த்தோம். நீர்யானையின் தொப்பையில் பறவையின் மூக்கு, கரடியின் தோளில் நீர்யானையின் முழங்கை. எல்லோரும் தொங்கிக்கொண்டு தெருவைப் பார்த்தார்கள். ஆபீஸ் விட்டு ஸ்டேஷனுக்கு ஓடிக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவர் நின்றார், இன்னொருவர் நின்றார். "அரே, விரார் லோக்கல்!" என்று யாரோ நெரிசலுக்குப் பேர்போன ரயிலைச் சொல்லிக் கத்தினார்.

"விரார் இல்ல, கல்யாண்" என்று மாசானம் திருத்தினார்.

விடைபெறும்போது அந்த அம்மாள் ஒரு கட்டளை போட்டார். இந்த அரக்கு, பச்சை வெல்வெட்டெல்லாம் நகைப்பெட்டி மாதிரி இருக்கிறது. அடுத்த டஜன் மஞ்சளில் வேண்டும். மாசானம் முகம் சுருங்கியது. "மஞ்சளா? அளுக்காயிரும்லா" என்று முணுமுணுத்துவிட்டு, "பாப்பம் மேம்சாப்" என்றார். நானும் சுந்தரராமனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு தாராவிக்குப் போனபோது அந்த மூலையில் முன்கூட்டியே வந்து கிடந்த மணிபர்ஸ் தோல்கட்டு வேறு பக்கம் போயிருந்தது. ஜெயினுலாப்தீன் பாய் மாசானத்திடம் ஒன்றும் சொல்லவில்லை; மற்ற எல்லோரையும் வழக்கத்தைவிடச் சத்தமாக ஏசிக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு பல்பு புதிதாகத் தொங்கியது.

சுந்தரராமன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். ஒரு முதலை, கையில் டிபன் கேரியர், கழுத்தில் டை. மாசானம் அதை முன்பக்கம் பார்த்தார். "ஏயப்பா, பல்லப் பாரு! இவரு எங்க எறங்குவாரு?" என்று கேட்டபடியே, பழக்கதோஷத்தில், தாளைத் திருப்பினார்.

பின்பக்கம் வெறுமையாக இல்லை. முதலையின் முதுகு இருந்தது. செதில் செதிலாக வால் வரை ஓடியது. நடுமுதுகில், தையல் புள்ளிகள் உட்பட, ஒரு கைப்பிடி.

மாசானம் பல்புக்கு அடியில் போய் நின்றார். கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தாளை முழங்காலின் மேல் விரித்து, இரண்டு விரலைக் கொக்கியாக வளைத்து, அந்தப் பென்சில் கைப்பிடியில் மாட்டினார். ஒன்று இழுத்தார். இரண்டு இழுத்தார். தாதர் கூட்டத்துக்கான இழுப்புக்கு முன்னால் நான் ஒதுங்கிக்கொண்டேன்.